அடையாளத்தம்மா வீட்டு கேட் கீப்பர்

“கழத்த எல்லாரும் கழத்திருவாளுவ ஏட்டி. திரும்ப மாட்டணும்லா. அது உன்னால ஆவுமா?”

டிப்ளமோ சான்றிதழைக் கையில் வாங்கிய அதே வாரம் என்னிடம் இப்படிக் கேட்டவர் எங்கள் வளவின் சொந்தக்காரர். ஒரே வாசலுக்குள் வரிசையாக ஓட்டு வீடுகள் இருக்கும் வளவு அது. எங்கள் வீடு கடைசியில். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கப் போவாள். அப்பா, மழையை நம்பி விதைக்கிறவர்களின் காட்டில் கூலிக்குப் போவார். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். எலக்ட்ரிகல் படித்து முதல் வகுப்பில் தேறியவளும் நான்தான். அம்மா வளவு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தாள். எல்லாரும் வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்தினார்கள். இவர் மட்டும் மிட்டாயை மூக்கருகே கொண்டுபோய், எண்ணெய் சிக்கடித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றார். தின்று முடித்ததும் வந்த கேள்வி அது.

கோவில்பட்டியில் எங்கள் தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் அடையாளத்தம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு சிறிய சிவப்பு நகப்பாலிஷ் குப்பி இருக்கும். அவர் நகத்தில் ஒரு நாளும் அந்தச் சிவப்பை நான் பார்த்ததில்லை. எல்லாம் பொருள்களுக்குத்தான். கேஸ் சிலிண்டரின் அடியில் ஒரு பொட்டு. குக்கர் வெயிட்டில் ஒரு பொட்டு. கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுக்கும் அண்டாவின் காதில், குடைக் கைப்பிடியில், செருப்பின் உள்பக்கத்தில் என்று வீட்டைவிட்டு வெளியே போகிற எதுவும் பொட்டு இல்லாமல் போகாது. திரும்பி வந்ததும் முதலில் பொட்டைத் தேடுவார். அப்புறம்தான் பொருளைப் பார்ப்பார்.

கோயிலுக்குக் கொண்டுபோகிற தேங்காயிலும் பொட்டு வைப்பார். உடைத்த மூடி தன்னுடையதுதானா என்று தெரிய வேண்டுமாம்.

“சாமிக்குத் தெரியாதாம்மா, யார் தேங்கா யாருதுன்னு?” என்று ஒருமுறை பூசாரி கேட்டுவிட்டார்.

“சாமிக்குத் தெரியும். உமக்குத் தெரியணும்லா.”

பூசாரி மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மிளகாய் வற்றல் மூட்டையோடு ஒரு வியாபாரி வருசம் தவறாமல் வருவார். சாக்கின் வாயைத் திறந்து காட்டினால் இவருக்குப் போதாது. முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி வற்றலை எடுத்து, மேலே இருப்பதோடு வைத்துப் பார்ப்பார். கை எரியும். எரிந்தாலும் அடுத்த சாக்கிலும் கையை விடுவார். அந்த வியாபாரி என் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “அவிய கை உள்ள போயி வந்த சாக்க நான் எங்கன வேணா தைரியமா விப்பேன்.”

நான் பாலிடெக்னிக் விடுதிக்குப் போன அன்று வாசலில் மறித்து நிறுத்தினார். என் பெட்டி, வாளி, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் பொட்டு வைத்தார். “ஹாஸ்டல்ல எவளாவது மாத்திருவா. நீ வாயில்லாப் பூச்சி. பொட்டு பேசும்.” எனக்கு அவமானமாக இருந்தது. காய்வதற்குள் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் பஸ்ஸையும் விட்டேன். ஆனால் மூன்று வருசப் படிப்பு முடிந்து திரும்பியபோது, போன எல்லாச் சாமானோடும் திரும்பி வந்தவள் எங்கள் அறையில் நான் ஒருத்திதான்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னது தண்ணீர்த் தொட்டி மோட்டாரில். சுவிட்சைப் போட்டால் உறுமிவிட்டு நின்றுவிடும். மெக்கானிக்குகளை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். கழற்றி எடுத்துப்போகவும் விடமாட்டார். வளவே குடம் தூக்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கிறேன் என்றதும் ஒரு முக்காலியைப் போட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். நான் கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியும் அவர் தாம்பாளத்துக்குத்தான் போக வேண்டும்.

“அது என்னது?”

“கெப்பாசிட்டர்மா. வீங்கியிருக்கு பாருங்க. இத மாத்துனாப் போதும்.”

“வீங்குனத என்கிட்ட குடு. நீ வச்சுக்கிடாத.”

புதியதை மாட்டி, கடைசித் திருகாணியையும் தாம்பாளத்திலிருந்து எடுத்து முறுக்கினேன். தண்ணீர் ஏறியது. தாம்பாளம் காலியாக இருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “ம்” என்றார். பாலிடெக்னிக் கொடுத்ததைவிட அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம் என்பது வளவில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

மாடி ஹாலில் ஒரு தகரப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே துணியில் சுற்றிய பொம்மை ரயில். பிளாஸ்டிக் இல்லை, கனமான இரும்பு. இஞ்சின், நான்கைந்து பெட்டிகள், துண்டு துண்டாகச் சேர்க்கும் தண்டவாளம். கரண்டில் ஓடுவது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பண்டல் தீப்பெட்டி அளவில், பச்சைக் கதவு வைத்த குட்டி வீடு.

“இதுக்குள்ள கேட் கீப்பர் இருக்கான்” என்றார். “ரயிலு பக்கத்துல வரும்போது கதவத் தொறந்து வெளிய வருவான். கையில சிவப்பு விளக்கு. ரயிலு போனதும் உள்ள போயிருவான். இப்ப வரமாட்டேங்கான்.”

அவர் அப்பாவுக்குக் கொழும்பில் கடை இருந்தது. கடையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது மகனுக்காகக் கொண்டுவந்த ரயில் அது. அந்த மகன், இவருடைய தம்பி, இப்போது சென்னையில் ஓய்வு பெற்று இருக்கிறார். கணவர் இறந்து இவர் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தபோது, வளவு வீடுகள் அத்தனையையும் அக்காவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர். அப்பா சொத்தில் அவர் கேட்டது இந்த ரயிலை மட்டும். அதையும் உடனே எடுத்துப் போகவில்லை. இப்போது வீட்டில் பெரிய மேஜை போட்டுவிட்டாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருகிறார். போனில் கேட்ட முதல் கேள்வியே, “கேட் கீப்பர் வாரானா அக்கா?”

“நான் வாரான்னு சொல்லிட்டேன்” என்றார் அடையாளத்தம்மா. “இத்தன வீட்ட எனக்கு விட்டுட்டுப் போனவன் ஏட்டி. கேட்டது இது ஒண்ணு. அதையும் நொண்டியாக் குடுத்தேன்னா நான் என்ன மனுசி.”

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. உடனே ஏறியும்விட்டது.

“எல்லாம் அந்த ரேடியோக்கடைக்காரன் பண்ணுன வேல. உள்ள இருந்த சாமான உருவிட்டான்.”

அந்தக் கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பல வருசங்களுக்கு முன்னால் கேட் கீப்பர் தாமதமாக வரத் தொடங்கியிருக்கிறான். ரயில் கடந்த பிறகு சோம்பேறித்தனமாக எட்டிப் பார்ப்பான். இவர் அந்தக் குட்டி வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் இருந்த ரேடியோக்கடைக்குப் போனார். கடைக்கார அண்ணாச்சி அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிரித்து, சுத்தம் செய்து, தன் மேஜையில் கரண்ட் கொடுத்துக் காட்டினார். கேட் கீப்பர் வெடுக்கென்று வெளியே வந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்டவாளத்தோடு சேர்த்து ரயிலை ஓட்டினால், ஆள் அசையவே இல்லை. இவர் திரும்பவும் கடைக்குப் போனார். “மிச்சத்தையும் கொண்டாங்கம்மா, சேத்து வச்சுப் பாப்போம்” என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இவருக்கு அது போதுமாக இருந்தது.

“எடுத்தது பத்தாதுன்னு மிச்சத்தையும் கேக்கான்” என்று மாவு மில்லில், டீக்கடையில், பால் வாங்குகிற இடத்தில், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். வற்றல் சாக்கின் அடிவரை கைவிட்டுப் பார்க்கிறவர் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அண்ணாச்சி கடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்தது. நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது அவர் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்.

வேலை ஹாலிலேயே நடக்க வேண்டும், ஒரு திருகாணிகூடப் படியிறங்கக் கூடாது என்பது ஏற்பாடு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வீடு, தண்டவாளம், ஒயர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் பழைய டிரான்ஸ்பார்மரைப் பார்த்தேன். துணி சுற்றிய ஒயர் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை பிளக்கில் செருகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரியில் நான் சுற்றிச் செய்த டிரான்ஸ்பார்மரை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்.

“இது நீ செஞ்சதா?”

“ஆமாம்மா.”

“முழுசுமா?”

“முழுசும்.”

அதைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். பிறகு பிளக் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

சக்கரங்களிலும் தண்டவாளத்திலும் கரிசல் புழுதி மை மாதிரி அப்பியிருந்தது. பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்தாலும் எங்கள் ஊர்ப் புழுதி புகாத இடம் கிடையாது. துடைத்துவிட்டு ஓட்டினேன். இஞ்சின் முதலில் திணறியது. பிறகு வட்டமாக ஓட ஆரம்பித்தது. குட்டி வீட்டைக் கடந்தது. கதவு அசையவில்லை.

“பாத்தியா” என்றார், ஏதோ ஜெயித்துவிட்டவர் போல.

ரயிலை நிறுத்தினேன். டிரான்ஸ்பார்மரிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து நேராகக் குட்டி வீட்டின் அடியில் தொட்டேன். கதவு படாரென்று திறந்து, நீலச் சட்டை போட்ட கேட் கீப்பர் சிவப்பு விளக்கை நீட்டியபடி வெளியே பாய்ந்தான். அடையாளத்தம்மா முக்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

“வீடு நல்லாத்தாம்மா இருக்கு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல.”

“உள்ள சாமான் எல்லாம் இருக்கா? கழத்திக் காட்டு.”

கழற்றிக் காட்டினேன். செப்புக் கம்பி சுற்றிய சுருள், அதற்குள் ஓடும் இரும்புத் தண்டு, ஆளை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங், விளக்குப் பிடிப்பு. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. கடைக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாவற்றையும் பிரித்து அவர் வைத்த பொட்டுகள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் என் கைதான்” என்றார். பிறகு, “எடுத்துட்டு, பயந்து போயித் திருப்பி வச்சிருப்பானோ?”

“அண்ணாச்சி அன்னைக்கே அவிய மேசையில வச்சு ஓட்டிக் காட்டுனாங்கள்லாம்மா.”

நான் ஒயரைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல், தன் வீட்டுப் பழைய ரேடியோ ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதுவும் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்ததுதான். பாவாடை கட்டுகிற வயசில் இவரிடம் கொடுத்து ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேறு ஏதோ ஒரு கடை. அது இப்போது இல்லை. இவர் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டில் போன கல்யாண ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே பாதிச் சாமான் வேறு.

“எங்க அப்பா அடிக்கல. கத்தல. ‘நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல என் கையில ஒரு சாமானும் குடுத்து விடல. எல்லாம் தம்பிதான் கொண்டு போவான்.”

தாம்பாளத்தை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். “நீ உன் வேலையப் பாரு.”

வீடு நன்றாக இருந்தால், மிச்சம் இருப்பது தண்டவாளத்துக்கு அடியில் செருகியிருக்கும் அழுத்தத் தகடு. இந்தப் பொம்மையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ரயில் மேலே வந்ததும் அதன் கனத்தில் தண்டவாளம் ஒரு மயிரிழை கீழே இறங்கும். அடியில் இரண்டு தகடு ஒன்றையொன்று தொடும். கரண்ட் குட்டி வீட்டுக்குப் போகும். ரயில் போனதும் ஸ்பிரிங் தகடுகளைப் பிரித்துவிடும். ஆளும் உள்ளே போய்விடுவான். குட்டி வீட்டோடு சேர்ந்த சாமான்களில் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது இந்தத் தகடு ஒன்றுதான்.

மீட்டரை வைத்து, விரலால் தண்டவாளத்தை அமுக்கினேன். தொட்டால் மீட்டர் கூவ வேண்டும். கூவவில்லை. ஸ்பிரிங்கின் நட்டைத் தளர்த்தினேன். கூவவில்லை. இரண்டு தகடும் தொடுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கரண்ட் தாண்டவில்லை. தகட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தேன்.

கீழ்த் தகட்டில் கடுகு அளவு ஒரு குமிழ். மேல் தகடு வந்து தொடுகிற இடம் அதுதான். கடைக்குப் போகாத சாமான் என்றாலும் அன்று இதையும் அவர் விடவில்லை. மற்ற சாமான்களில் எல்லாம் ஓரத்தில் பொட்டு வைத்தவருக்கு இந்தத் தகட்டில் ஓரம் கிடைக்கவில்லை போலும். குமிழின் உச்சியில், அழகாக, சிவப்பாக வைத்திருந்தார்.

சுரண்டிவிட்டு, புழுதி என்று சொல்லியிருக்கலாம். புழுதிக்கா எங்கள் ஊரில் பஞ்சம். அவரும் நிம்மதியாகத் தம்பியை வரவேற்றிருப்பார். ஆனால் எட்டயபுரம் ரோட்டில் ஒருவர் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்.

“அம்மா, இங்கன பாருங்க.”

குனிந்தார்.

“நகப்பாலிஷ் காஞ்சா அதுக்கு மேல கரண்ட் போகாதும்மா. ரப்பர் மாதிரி. ரெண்டு தகடும் தொடுது, நடுவுல உங்க பொட்டு இருக்கு.”

“இத்துனூண்டா?”

“இத்துனூண்டு போதும். முன்னாடி மெதுவாவாவது வந்தான்னு சொன்னீங்கள்லா? நீங்க பொட்டு வச்ச அன்னைலருந்துதான் வரவே இல்ல.”

தகட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கீழே தெருவில் தண்ணீர் லாரி நின்று ஹாரன் அடித்தது. யாரோ யாரையோ “ஏலே, குடத்த எடு” என்று கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிச்சத்தையும் கொண்டான்னு அவன் கேட்டது இதத்தான்” என்றார் கடைசியில்.

“ஆமாம்மா.”

“போயி, பாலிஷ் அழிக்க ஒரு தண்ணி விப்பான்லா, அத வாங்கிட்டு வா. நீ தொடாத. நானே அழிக்கேன்.”

அவரே அழித்தார். பஞ்சு சிவப்பானது. அப்புறம் நான் வாங்கி, காலித் தீப்பெட்டியின் உரசுகிற பட்டையால் குமிழை லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்தேன். தகடு தொடுகிற இடத்தை மினுங்க வைக்க எங்கள் ஊரில் அதைவிட மலிவான உப்புத்தாள் கிடையாது. அம்மா வேலை பார்க்கிற ஆபீஸ் பெட்டிதான். தகட்டைச் செருகி, நட்டை இஞ்சினின் கனத்துக்குச் சரியாக முறுக்கி, ரயிலை விட்டேன்.

இஞ்சின் வீட்டருகே வந்தது. கதவு திறந்தது. கேட் கீப்பர் வந்து நின்றான். கடைசிப் பெட்டி போகும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போனான்.

“இன்னொருக்க” என்றார். பிறகும், “இன்னொருக்க.” அவர் ரயிலைப் பார்க்கவே இல்லை. கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். தலை முழுக்க நரைத்தவர் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட் கீப்பர் வெளியே வரும்போதெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டார். அடையாளத்தம்மாவின் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

“ரேடியோக்கடைக்காரன் உருவிட்டான்னு சொன்னியே அக்கா. அப்ப எப்படி ஓடுது?”

நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அடையாளத்தம்மா என்னை ஒருமுறை பார்த்தார். அப்பா கேட்ட அந்தப் பழைய கேள்வியைத் தம்பியும் கேட்கக்கூடும் என்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது.

“அவன் ஒண்ணும் எடுக்கல. நான்தான் பாலிஷ வச்சுக் கெடுத்தேன். கெடுத்துட்டு ஊருபூரா அவனச் சொன்னேன்.” டம்ளரை என்னிடம் நீட்டினார். “இந்தப் பிள்ளதான் கண்டுபிடிச்சா.”

தம்பி சிரித்துவிட்டு, “அடையாளம் வச்சே தொலைச்சியா” என்றார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. இவருக்கு இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். வெளியே போகிற சேலை. கையில் பெரிய பை.

“வா. நீ படிச்சவ. நீ கூட இருந்தா நம்புவாங்க.”

நான் படித்தவள் என்பதை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மாவு மில்.

“ஏய்யா, ரேடியோக்கடைக்காரன் சாமான உருவிட்டான்னு உன்கிட்ட நான் சொன்னேன்லா?”

“ஆமாம்மா. அது எந்தக் காலம்.”

“அது தப்பு. அவன் எடுக்கல. நீ அத யார் யார்கிட்ட சொன்ன?”

“எனக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கு.”

“யோசி. நான் இங்கன நிக்கேன்.”

மில்காரர் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். வேறு வழியில்லை. டீக்கடைக்காரர் பெயர் வந்தது. அங்கே போனோம்.

“நான் அன்னைக்கே நம்பலம்மா” என்றார் டீக்கடைக்காரர்.

“நம்பாம எத்தன பேர்கிட்ட சொன்ன? அவங்க எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லு. நாளைக்கு வந்து கேப்பேன்.”

மன்னிப்புக் கேட்க வந்தவர் போலவே இல்லை. எதிராளி ஏதோ திருடிவிட்டது போலத்தான் ஒவ்வொரு கடையிலும் நின்று அதட்டினார். ஆனால் ஒரு கடையையும் விடவில்லை. “நான் சொன்னது தப்பு” என்பதை விழுங்கவும் இல்லை. வெயில் ஏறி, சேலைத் தலைப்பு நனைந்து, கடைசியில் எட்டயபுரம் ரோட்டுக்கு வந்தோம்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையில் இருந்த செல்போன் கவரைத் துடைக்கத் தொடங்கினார்.

“என்னம்மா, மிச்சத்தையும் கொண்டாந்துட்டீங்களா?”

“மிச்சத்துலதான் கோளாறு. என் பாலிஷ்தான் கோளாறு. நீ சொன்னதுதான் சரி.”

“நான் எங்க சொன்னேன். சொல்ல விட்டாத்தான.”

அடையாளத்தம்மா பைக்குள் கைவிட்டு மிக்ஸியை எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணாச்சி பழக்கதோசத்தில் அதைக் கவிழ்த்துப் பொட்டைத் தேடினார். அடியில், பொட்டு இருந்த இடம் மட்டும் அழுக்கில்லாமல் பளபளத்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அழிச்சிட்டீங்களா?”

“அழிச்சிட்டேன். நாளைக்கு வாரேன். நல்லாப் பாத்து வை.”

மிக்ஸியை விட்டுவிட்டுப் படியிறங்கினார். அன்று சாயங்காலம், ஒரு வேலையும் இல்லாமல், எட்டயபுரம் ரோட்டில் எதிர்ச்சாரியில் அவர் போவதையும் வருவதையும் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். கடைப்பக்கம் தலையைத் திருப்பாமல்தான் நடந்தாராம். நான் நம்புகிறேன். ஒருநாளில் ஆள் மாறிவிடுவாரா என்ன. ஆனால் உள்ளே போகவில்லை. மறுநாள்தான் போய் வாங்கிவந்தார்.

அதற்குப் பிறகும் சில வருசங்கள் இருந்தார். மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கழற்றிக் கொடுத்த வளையலின் உள்பக்கம் ஒரு பொட்டு இருந்தது என்று அம்மா சொன்னாள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

அவர் மாற்றிச் சொன்னது எல்லாரையும் எட்டவில்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும். பழியைக் கேட்ட சிலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் கேட்டும், “யாருக்குத் தெரியும், எடுத்திருந்தாலும் எடுத்திருப்பான்” என்றார்கள். அண்ணாச்சி கடைக்கு மிக்ஸியும் ஃபேனும் திரும்ப வர ஆரம்பித்தன; பழைய கூட்டம் வரவில்லை. “போனவங்க போனதுதான் பிள்ள” என்பார். வருத்தமாகச் சொல்லமாட்டார். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இத்தனை வருசம் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, அண்ணாச்சி கடையில் பாதியை எடுத்துக்கொண்டேன். மோட்டார் வைண்டிங் என் பக்கம். மற்றது அவர் பக்கம். எங்களுக்குள் நடந்த சண்டை ஒன்றே ஒன்றுதான்: கடைத் திரையை எடுத்துவிட்டு, வருகிறவர் கண் முன்னாலேயே வேலை பார்க்கலாம் என்றேன்.

“எதிர்ல உக்காந்து நொட்டை சொல்லிக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடாது” என்றார்.

“எனக்கு ஓடும் அண்ணாச்சி.”

“வார ஆளு எல்லாம் அடையாளத்தம்மா மாதிரி இருப்பாங்கன்னு நெனைக்கியா?”

“இருந்தா நல்லதுதான.”

முனகிக்கொண்டே டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் திரையை அவிழ்த்து மடித்து மேலே வைத்துவிட்டேன். வேலை மேஜையை வாசலோரம், ரோட்டில் போகிறவர் கண்ணுக்கும் தெரிகிற இடத்துக்கு இழுத்துப் போட்டாயிற்று. அதற்கு எதிரே, பொருள் கொண்டுவருகிறவர் உட்கார, கை வைத்த நாற்காலி ஒன்றும் போட்டிருக்கிறேன்.